ஊருக்குள்ளேயே இன்னொரு வீடு: பழைய தெருக்களும் மண்டல விதிகளும்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் பக்கம் போனாலும் சாயல்குடி பக்கம் போனாலும் ஒரு காட்சி தவறாது. பனைகளை வெட்டிச் சமன்படுத்திய பொட்டலில் வர்ணம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நிற்கும். முகப்பில் ஒரு வளைவு இருக்கும், நகரின் பெயர் எழுதிய பலகை இருக்கும். வீடு மட்டும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வாங்கியவர்களில் பாதிப்பேர் வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ இருப்பார்கள். மனை அவர்களுக்கு ஒரு சேமிப்பு, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஊருக்குள் வந்து பாருங்கள். கீழக்கரையிலும் தொண்டியிலும் ராமேசுவரத்திலும் கல்யாணமான பிள்ளைகளுக்குத் தனி வீடு கிடைக்காமல், ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிகிற குடும்பங்கள் உண்டு. வாடகைக்கு ஒரு சிறிய போர்ஷன் தேடுகிற ஆசிரியர், செவிலியர், படகில் வேலை செய்கிறவர் என்று ஒரு வரிசையே நிற்கிறது. அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும், பின்புறம் கருவேலம் மண்டிய கொல்லைகளும் இருக்கின்றன.

வெளியே புதிது புதிதாக மனை போடுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஊராகிவிட்ட பகுதிக்குள் மிச்சமிருக்கும் இடங்களில் பல அளவிலான வீடுகளைக் கட்ட வழிவிடுவதைத்தான் இடைநிரப்பு வீடமைப்பு என்கிறோம். மாடியில் தனி வாசலோடு ஒரு போர்ஷன், கொல்லையில் ஒரு சின்ன வீடு, ஒரு மனையை இரண்டாக்கி ஒட்டிக் கட்டிய இரு வீடுகள், நாலைந்து குடும்பங்களுக்கான சிறு அடுக்குக் கட்டிடம், பெரிய பழைய வீட்டை உள்ளே தடுத்து மூன்றாக்குவது எல்லாம் இதில் அடக்கம். சாலையும் மின்கம்பமும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. ஊருக்கு வெளியே 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு கட்டினால் குழாயும் கம்பியும் பஸ்ஸும் அவ்வளவு தூரம் போகவேண்டும். அந்தச் செலவு மனை விற்றவர் கணக்கில் ஏறுவதில்லை, ஊராட்சியின் கணக்கில்தான் ஏறுகிறது.

இவ்வளவு நல்ல காரியம் என்றால் தானாகவே நடக்கவேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒரு பகுதி தானாகவே நடக்கிறது, அனுமதி இல்லாமல். முறையாகச் செய்ய நினைப்பவர் முட்டிக்கொள்வது மண்டல விதிகளில்.

மண்டல விதி என்பது என்ன?

ஒரு ஊரின் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் என்ன செய்யலாம், எவ்வளவு கட்டலாம் என்று அரசு முன்கூட்டியே வகுத்துவைப்பதுதான் மண்டல விதி. வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று. சென்னை மாகாணத்தில் இதற்கான முதல் சட்டம் 1920-இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டிடத்தின் அளவு, உயரம் போன்றவற்றை 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வகுக்கின்றன. மாநிலம் முழுவதற்கும், மாநகராட்சியிலிருந்து கிராம ஊராட்சி வரை, இந்த ஒரே விதித்தொகுப்புதான்.

நிறம் பார்ப்பதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். குடியிருப்பு நிறத்துக்குள் இருக்கும் மனையிலும் நான்கு அளவுகோல்கள் உங்கள் கையைப் பிடிக்கும். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது முதலாவது. இதைத் தளப்பரப்புக் குறியீடு என்பார்கள், பொறியாளர்கள் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். இரண்டாவது உயரம். மூன்றாவது, சுவருக்கும் எல்லைக்கும் இடையே விடவேண்டிய காலியிடம், அதாவது செட்பேக். நான்காவது, வண்டி நிறுத்த ஒதுக்கவேண்டிய இடம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஐந்து சென்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி. முன்பக்கம் 33 அடி, நீளம் 66 அடி என்று வைத்துக்கொள்வோம். 18.30 மீட்டருக்கு உட்பட்ட உயரமுள்ள சாதாரணக் கட்டிடங்களுக்குத் தமிழ்நாட்டில் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியானால் எல்லாத் தளங்களையும் கூட்டி 4,356 சதுர அடி வரை கட்டலாம் என்றுதான் காகிதம் சொல்லும். இப்போது நான்கு பக்கமும் ஐந்தைந்து அடி விடுங்கள். மிஞ்சுவது 23 அடிக்கு 56 அடி, 1,288 சதுர அடி. கீழும் மேலுமாக இரண்டு தளம் என்றால் 2,576. குறியீடு கொடுத்த இடத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கைக்கு வருகிறது.

இன்னும் ஒடுங்கிய மனையைப் பாருங்கள். மூன்று சென்ட், முன்பக்கம் பதினாறரை அடி. பழைய கடலோர ஊர்களில் சாதாரணமாகக் காண்கிற அகலம் இது. இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டால் வீட்டின் அகலம் ஆறரை அடி. கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. ஐந்தடி என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவு. உண்மையான விதியில் சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டிடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும், ஒடுங்கிய மனைக்குச் சலுகையும் உண்டு. ஆனால் கணக்கின் போக்கு மாறாது. பழைய ஊரில் புது வீட்டைத் தடுப்பது பெரும்பாலும் எஃப்.எஸ்.ஐ. அல்ல, செட்பேக்கும் சாலை அகலமும்தான். குறியீட்டை உயர்த்திவிட்டோம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் கீழக்கரைத் தெருக்காரர் சும்மா இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிநாட்டில் என்ன மாற்றினார்கள்?

இந்த விவாதம் சூடாக நடப்பது வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும். அங்கே பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் பல பத்தாண்டுகளாக ஒரே விதி இருந்தது: ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு தனி வீடு மட்டுமே. பல இடங்களில் இரண்டாவது சமையலறை வைப்பதுகூடச் சட்டவிரோதம். ஊரின் நடுவே, பள்ளியும் பஸ்ஸும் உள்ள பழைய குடியிருப்புகள் பலவற்றில் மக்கள் தொகை குறைந்துகொண்டே வந்தது. புதியவர்கள் வெளிவட்டத்துக்குப் போனார்கள். நடுவில் வீட்டு விலை ஏறியது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் 2018-இல் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி எந்தக் குடியிருப்பு மனையிலும் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்றானது. கனடாவின் எட்மண்டன் தன் விதித்தொகுப்பையே புதிதாக எழுதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. மூன்று தளங்களுக்குள், மனையின் பரப்பைப் பொறுத்து எட்டு வீடுகள் வரை அது இடம் கொடுத்தது. இத்தனை வண்டிக்கு இடம் விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அந்த நகரம் 2020-லேயே எடுத்துவிட்டது. ஆக்லாந்து நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கில் கூடுதல் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது. அதன் பிறகு அங்கே ஒட்டுச் சுவர் வரிசை வீடுகள் பெருகின.

பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. மினியாபொலிஸில் மூன்று வீட்டுக் கட்டிடங்கள் எதிர்பார்த்த அளவு எழவில்லை. புதிய வீடுகளில் பெரும்பகுதி பஸ் ஓடும் பெரிய சாலைகளில் அடுக்குக் கட்டிடங்களாகத்தான் வந்தது. எதிர்ப்பும் இருக்கிறது. நிழல் விழுகிறது, மரம் போகிறது, தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் நம் முற்றத்தைப் பார்க்கிறது என்கிறார்கள். இவற்றில் எதுவும் அற்பமான புகார் அல்ல.

ஆனால் அந்தச் சீர்திருத்தத்தை அப்படியே தூக்கி இங்கே கொண்டுவந்து வைப்பதில் பொருளில்லை. அங்கே தெருவே விதியால் உருவானது. விதியைத் தளர்த்தினால் தெரு மாறும். நம் கடலோர ஊர்களில் தெரு முதலில் வந்தது, விதி பிறகு வந்தது. அந்த விதி எழுதப்பட்டதோ வேறொரு தெருவை மனத்தில் வைத்து.

கீழக்கரைத் தெருவும் காகிதத்துத் தெருவும்

கீழக்கரையின் பழைய தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். வாசல் நேராகத் தெருவில் திறக்கும். வெளிச்சமும் காற்றும் பக்கவாட்டிலிருந்து வராது, நடுவில் இருக்கும் முற்றத்திலிருந்து வரும். பெண்கள் புழங்க வீடுகளின் பின்புறமாகத் தனிச் சந்துகள் உண்டு. ஒடுங்கிய தெருவில் வெயில் குறைவாக விழும், கடற்காற்று குழாயில் புகுந்ததுபோல ஓடும். பழைய சுவர்களில் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும் இருக்கும். இன்று பவளப்பாறை பாதுகாக்கப்பட்ட உயிரினம், அதைத் தொடவே முடியாது.

இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் கல்யாணமானதும் தாய் வீட்டிலேயோ அதன் பக்கத்திலேயோ இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் மகள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வீடு பிரிந்தும் நீண்டும் உயர்ந்தும் வந்திருக்கிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டு, மேலே ஒரு கட்டு, அடுத்த மனையில் ஒன்று. நகரமைப்பு நிபுணர்கள் இன்று கருத்தரங்கு வைத்துப் பேசும் இடைநிரப்பு வீடமைப்பை இந்த ஊரின் வாப்பாக்களும் உம்மாக்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பல தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

காகிதத்தில் இருக்கும் தெரு வேறு. மனையின் நடுவில் வீடு, நான்கு புறமும் காலியிடம், முன்னால் அகலமான சாலை, ஓரத்தில் கார். ஊருக்கு வெளியே போடுகிற புதிய மனைப்பிரிவுக்கு இது பொருந்தும். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்ட நினைப்பவருக்குப் பொருந்தாது. இருந்த வீடு எல்லையிலிருந்து எல்லை வரை நின்றது. புதிய வீடு சுருங்கவேண்டும். இதனால்தான் பலர் இடிப்பதே இல்லை. ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள், அல்லது வரைபடத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு நிலத்தில் வேறொன்றைக் கட்டுகிறார்கள். இரண்டாவது வழிக்கு ஒரு விலை உண்டு: வங்கிக் கடன் கிடைக்காது, விற்கும்போது சிக்கல், எப்போது நோட்டீஸ் வருமோ என்ற பயம்.

விதித்தொகுப்பிலேயே இதற்கு ஒரு கதவு இருக்கிறது. தொடர் கட்டிடப் பகுதி என்று ஒரு பிரிவு. ஏற்கெனவே சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் பகுதியைத் திட்டத்தில் அப்படிக் குறித்துவிட்டால், பக்கவாட்டில் காலியிடம் விடவேண்டிய கட்டாயம் அங்கே தளர்கிறது. நம் கரையில் மண்டல மாற்றம் என்று பேசினால் முதலில் பேசவேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. எட்டு மாடி வேண்டாம், எட்டு வீடும் வேண்டாம். நிற்கிற தெருவைத் தெருவாகவே ஒப்புக்கொள்ளும் ஒரு கோடு வரைபடத்தில் விழவேண்டும். அதோடு, ஒரே மனையில் இரண்டு மூன்று சமையலறையும் தனித்தனி வாசலும் இருப்பதைச் சந்தேகத்தோடு பார்க்காத நடைமுறையும், கார் நுழையவே முடியாத சந்தில் கார் நிறுத்துமிடம் கேட்காத விவேகமும் வேண்டும்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டம் ஒரு பக்கம் உதவுகிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரையும் முதல் மாடியுமோ கட்டுபவர்கள் இணையவழியில் தாங்களே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம். மேலே பார்த்த ஐந்து சென்ட் கணக்கு இதற்குள் அடங்கிவிடும். அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது குறைகிறது. ஆனால் விதி மாறவில்லை, விதிக்கு உட்பட்டிருக்கிறேன் என்று சொல்லும் பொறுப்பு கட்டுபவர் தலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. பதினாறரை அடி மனைக்காரருக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

கடல் போடும் கோடு

நகரமைப்பு விதி ஒன்றைச் சொன்னால் கடலோர விதி இன்னொன்றைச் சொல்லும். இரண்டிலும் தேறினால்தான் கட்டலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற ஏற்பாடு 1991 பிப்ரவரி 19 அன்று மத்திய அரசின் அறிவிப்பாக வந்தது. 2011-இல் ஒருமுறையும் 2019-இல் ஒருமுறையும் அது திருத்தி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை இதன் ஆட்சி. இந்தக் கடலோரத்தை அது சில வகைகளாகப் பிரிக்கிறது.

நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டப்பட்டுவிட்ட கடலோரம் இரண்டாம் வகை. அங்கே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டிடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். பழைய விதியில் ஒரு வேடிக்கை இருந்தது: எவ்வளவு கட்டலாம் என்ற அளவு 1991-இல் இருந்த நிலையிலேயே உறைந்து நின்றது. மாநிலம் எஃப்.எஸ்.ஐ.யை உயர்த்தினாலும் கடலோரத்துக்கு அது போய்ச் சேரவில்லை. 2019 அறிவிப்பு அந்த உறைவை இளக்கி, அது வெளியான நாளில் நடப்பில் இருந்த அளவு வரை கட்டலாம் என்றது.

ஊரகக் கடலோரம் மூன்றாம் வகை. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளைப் பார்த்தால் அவை நகரம்போலத்தான் இருக்கும், ஆனால் நிர்வாகத்தில் கிராமம். 2011 விதியில் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகப் புதிதாகக் கட்டக்கூடாது. 2019 அறிவிப்பு இதில் ஒரு பிரிவினை செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் தடை 50 மீட்டராகக் குறையும். மற்ற இடங்களில் 200 மீட்டர் தொடரும். தடைப்பகுதிக்குள்ளும் அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழைய அளவிலேயே பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். அதைத் தாண்டி 500 மீட்டருக்குள், மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் 9 மீட்டர் உயரத்துக்குள் இரண்டு தளம் கட்டிக்கொள்ளலாம். இங்கே ஒரு நிபந்தனை முக்கியம்: 2019 அறிவிப்பின்படியான கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் புதிய தளர்வுகள் பொருந்தும், அதுவரை 2011 விதிதான். ஆகவே யாராவது 50 மீட்டர் என்று சொன்னால் எந்த வரைபடத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மீனவக் குடியிருப்புகளில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடலை விட்டு நகர முடியாது. படகும் வலையும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பக்கவாட்டில் விரியவும் இடமில்லை. மேலேதான் போகமுடியும், அதற்கும் இரண்டு தளத்தில் எல்லை. இந்தக் கட்டுப்பாடு அநியாயம் என்று சிலர் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை அறிந்த மாவட்டத்தில் அப்படி ஒரே வீச்சில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகள்தான் நம் கரையில் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. கரையில் நெருக்கினால் கழிவு அங்கேதான் போய்ச் சேரும்.

தண்ணீர்

கழிவு என்றதும் இந்த விவாதத்தின் மையத்துக்கு வந்துவிடுகிறோம். எட்மண்டனில் ஒரு மனையில் எட்டு வீடு வந்தால் எட்டு வீட்டுக் கழிவும் தெருவுக்கடியில் இருக்கும் குழாயில் போய்விடும். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கொல்லையில் ஒரு செப்டிக் டேங்க்தான். மணல் நிலம். மேலே பெய்த மழை கீழே உப்புநீரின் மீது மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ராமேசுவரம் தீவில் பல குடும்பங்கள் நம்பியிருப்பது அந்தப் படலத்தைத்தான். அதே மணலில் பத்தடி தள்ளி செப்டிக் டேங்க். ஒரு வீட்டுக்கு ஒன்று என்றிருந்தவரை மணல் சமாளித்தது. அதே ஐந்து சென்டில் நான்கு குடும்பங்கள் என்றால் கிணறும் கழிவும் ஒன்றையொன்று தொட்டுவிடும். மோட்டார் போட்டு அதிகமாக இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திருச்சிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தொலைவு தண்ணீரைக் கொண்டுவருகிறது. சாயல்குடி அருகே நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்த மாவட்டம் இது. தண்ணீரின் அருமை யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே மண்டலத் தளர்வு என்பது தெருவாரியாகப் போகவேண்டும். பாதாளச் சாக்கடையோ, கழிவைப் பொதுவாகச் சேகரித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடோ எந்தத் தெருவுக்கு வந்துவிட்டதோ அந்தத் தெருவில் கூடுதல் வீடு. வராத தெருவில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு மேல் வேண்டாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலிருந்து கட்டாயம். ஆனால் அதிகாரி பார்க்கும் நாளுக்காகக் குழாயை மாட்டிவைக்கும் பழக்கம் இங்கும் இருக்கிறது, மண்ணுக்குள் அது இறங்குகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கூடுதல் தளத்துக்கு அனுமதி கேட்பவரிடம் முதலில் அதைக் காட்டச் சொல்லவேண்டும்.

ஊருக்கு வெளியே போடும் மனைகளுக்கும் இதே தண்ணீர்ப் பிரச்சினை உண்டே என்றால், உண்டு, இன்னும் மோசமாக. கண்மாய் நீர்வரத்தையும் ஊருணிக்குப் போகும் வாய்க்காலையும் மறித்துத்தான் பல மனைப்பிரிவுகள் எழுந்திருக்கின்றன. ஊருக்குள் நெருக்கிக் கட்டுவதற்கு ஆதரவாக என்னிடம் இருக்கும் மிக வலுவான காரணம் அதுதான்.

பட்டாவும் லாட்ஜும் துருவும்

விதியெல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் மூன்று தொல்லைகள் காத்திருக்கும்.

முதலாவது கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் இருந்த இடம் ஆறு பேருக்குச் சேர்ந்து கிடக்கும். அதில் ஒருவர் துபாயில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் காலமாகி அவருடைய வாரிசுகள் நால்வர். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்காமல் யாரும் தனியாகக் கட்டிட அனுமதி வாங்கமுடியாது. நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென விட்ட நிலத்தில், பத்திரமும் அனுபவமும் ஒன்றைச் சொல்லும், புல வரைபடம் வேறொன்றைச் சொல்லும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் பலவற்றின் கதை இதுதான்; அதை எந்த மண்டல மாற்றமும் திறக்காது. குடும்பத்துக்குள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால்தான் திறக்கும்.

இரண்டாவது லாட்ஜ். ராமேசுவரத்தில் ஒரு மனையில் மூன்று சிறு வீடுகளுக்கு அனுமதி கொடுத்தால் மூன்றும் யாத்ரீகர் அறைகளாகிவிடும் வாய்ப்பு அதிகம். மாத வாடகைக்கு விட்டால் கிடைக்கும் பணம் தை அமாவாசை, ஆடி அமாவாசை போன்ற நாட்களில் சில இரவுகளிலேயே கிடைத்துவிடும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு வருகிறவர்கள் குறையப்போவதில்லை. குடியிருப்புக்காகத் தளர்த்திய விதியைத் தங்கும் விடுதிக்குப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதிவைத்தால் போதாது, தொழில்வரிப் பதிவேட்டையும் வீட்டுவரிப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நகராட்சியில் இருக்கவேண்டும்.

மூன்றாவது துரு. இருக்கிற வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்புவதுதான் மலிவான வழி என்று தோன்றும். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, சிமெண்டை உதிர்க்கிறது. கட்டும்போது கடல் மணலோ உப்புத்தண்ணீரோ கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டின் மேல் மாடி கட்டுவது தற்கொலை. பொறியாளர் ஒருவரை வைத்துத் தூணையும் அஸ்திவாரத்தையும் பார்க்கச் செய்யும் செலவைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். மாடிக்கு அனுமதி தருவதற்கு முன் அந்தச் சான்றைக் கட்டாயமாக்கினால் என்னளவில் மறுப்பில்லை.

மாற்றம் எந்த வழியில் வரும்?

ஒரு மனையின் வகையை மாற்ற அதன் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். வேளாண் நிலத்தைக் குடியிருப்பாக்க நடக்கும் விண்ணப்பங்கள் இந்த வகை. திட்டம் வகுக்கப்படாத பகுதிகளுக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. ஆனால் ஒரு தெரு முழுவதையும் தொடர் கட்டிடப் பகுதியாக்குவது தனிமனிதர் வேலையல்ல. நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சியும் ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டத்தையோ ஒரு பகுதிக்கான விரிவான அபிவிருத்தித் திட்டத்தையோ எழுதும்போது, அல்லது திருத்தும்போது நடக்கவேண்டியது. வரைவு வெளியானதும் ஆட்சேபணையும் கருத்தும் தெரிவிக்கச் சட்டப்படி கால அவகாசம் உண்டு. அந்த அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். மனை வியாபாரிகள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள், தெருவாசிகள் படிப்பதில்லை.

வரைவு கைக்கு வந்தால் நிறத்தை மட்டும் பார்க்காமல், உங்கள் தெருவின் அகலம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 12 அடி அகலச் சந்து ஒன்றை 30 அடியாக விரிக்கும் கோடு ஒன்று வரைபடத்தில் இருந்தால், இருபுறமும் நிற்கும் வீடுகளின் முன்னறை அந்தக் கோட்டுக்குள் போகும். அந்த வீட்டுக்காரர்களுக்கு இனி மாடி அனுமதியும் சிக்கலாகும். அந்தக் கோட்டை நீக்கச் சொல்லியும், தெருவைத் தொடர் கட்டிடப் பகுதியாகக் குறிக்கச் சொல்லியும் தெருவாசிகள் சேர்ந்து கையெழுத்திட்டு எழுத்துமூலம் மனு கொடுக்கவேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.